யார் முறை என்று கேட்காத சதுரங்கம்

வெள்ளைக்கு நான்கு நகர்த்தல் போதும். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்து வழிவிடுகிறது. திறந்த மூலைவாட்டில் ராணி பலகையின் வலது ஓரத்துக்குப் போகிறாள். அங்கிருந்து திரும்பி, கறுப்பு ராஜாவுக்கு மூலைவாட்டில் நிற்கும் சிப்பாயை வெட்டுகிறாள். அடுத்த வெட்டு ராஜாவுக்கு. போன வாரம்தான் செஸ் கற்ற குழந்தையிடம்கூட இது பலிக்காது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நடுவே கறுப்புக்கு ஒரு வாய்ப்பு வருகிறதே, அதில் ஏதாவது ஒன்றைச் செய்து தடுத்துவிடலாம்.

அந்த வாய்ப்பை எடுத்துவிட்டால்? "நான் ஒன்று, நீ ஒன்று" என்ற ஒரே விதியை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டால்? கணினித் திரையில் இரண்டு பேர், கையில் மவுஸ், எந்தக் காயை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆட்டம் தொடங்கி மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். கறுப்பும் அதே நான்கு நகர்த்தலைக் கண்ணாடி பார்த்ததுபோல் எதிர்ப்பக்கத்திலிருந்து செய்ய முடியும். முதலில் நாலு முறை கிளிக் செய்தவர் வென்றார். இதற்குச் சதுரங்கப் பலகை எதற்கு, ஒரு பொத்தான் போதுமே!

முறைவைத்து ஆடும் சதுரங்கத்தை, இரு தரப்பும் ஒரே நேரத்தில் இயங்கும் வீடியோ கேமாக மாற்ற முயன்றவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். விதிப் புத்தகத்தில் ஒரு வரியில் அடங்கும் அந்த "முறை"யின் மீதுதான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. அதை உருவினால் வேறு எதையாவது முட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதைக் கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் வேலை இருக்கிறது.

சதுரங்கத்தை வேகமாக்கும் ஆசை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரிய ஆட்டங்களுக்குக்கூட நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஒருவர் ஒரு நகர்த்தலுக்கு ஒரு மணி நேரம் யோசித்தாலும் எதிராளி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1857-இல் நியூயார்க்கில் பால் மார்ஃபியும் லூயி பால்சனும் மோதியபோது, நெடுநேர மௌனத்துக்குப் பிறகு பால்சன் தலைநிமிர்ந்து, "அட, என் முறையா?" என்று கேட்டதாக ஒரு கதை செஸ் உலகில் உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, அந்தக் காலத்து அலுப்பு உண்மை. 1861-இல் மணல் கடிகாரம் வந்தது. 1883 லண்டன் போட்டியில், ஒன்று நின்றால் மற்றது ஓடும் இரட்டைக் கடிகாரம் மேசைக்கு வந்தது. பிறகு பிளிட்ஸ், புல்லட் என்று நேரம் சுருங்கிக்கொண்டே போனது. சென்னையின் டால் செஸ் கிளப்பில் வென்றவர் உட்கார்ந்திருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பிளிட்ஸ் ஆட்டங்களில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு "லைட்னிங் கிட்" என்ற பெயர் சும்மா வரவில்லை. இன்று லீசெஸ் தளத்தில் ஓர் ஆட்டம் முழுவதற்கும் ஆளுக்கு 15 விநாடி மட்டும் தரும் அல்ட்ராபுல்லட் வரை வந்துவிட்டது.

ஆனாலும் இவை எல்லாமே முறைவைத்த ஆட்டங்கள்தான். நேரம் எவ்வளவு குறைந்தாலும், எதிராளி நகர்த்தாமல் நீங்கள் நகர்த்த முடியாது. இணையத்தில் ஆடுகிறவர்கள் "ப்ரீமூவ்" என்று ஒன்று செய்வார்கள். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே தன் அடுத்த நகர்த்தலைப் பதிந்துவைத்துவிடுவது. முறை என்ற வேலியில் அது ஒரு சின்னக் கிழிசல். அவ்வளவுதான்.

வேலியையே பிடுங்கிப் போட்டவர்கள் 2000-களின் தொடக்கத்தில் வந்தார்கள். ஷிஸ்மூ கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இணையத்தில் "குங்ஃபூ செஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டது. பலகை அதேதான், காய்கள் அவையேதான், அவை நகரும் விதமும் அதேதான். முறை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக அவர்கள் வைத்தது ஓர் ஓய்வு நேரம். ஒரு காய் நகர்ந்து முடித்ததும் குறிப்பிட்ட நேரத்துக்கு அதைத் தொட முடியாது. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இதைக் "கூல்டவுன்" என்பார்கள். ஆட்களுக்கு இருந்த முறையைக் காய்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, நாம் தொடங்கிய அந்த நான்கு நகர்த்தலுக்கே திரும்புவோம். ஓய்வு நேரம் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை ராணி ஓரத்துக்கு வந்து 10 விநாடி மூச்சு வாங்குகிறாள். கறுப்பு ஒன்றுமே செய்யவில்லை, வேடிக்கை பார்க்கிறது. ராணி எழுந்து அந்தச் சிப்பாயை வெட்டுகிறாள். வெட்டிய கட்டத்திலேயே இன்னொரு 10 விநாடி உட்கார வேண்டும், அதுவும் கறுப்பு ராஜாவின் மூக்குக்கு முன்னால். ராஜா இதுவரை அசையவே இல்லை, அதனால் அவருக்கு ஓய்வு எதுவும் தேவையில்லை. ஒரு கட்டம் நகர்ந்து ராணியை வெட்டிவிடுகிறார். மூன்று விநாடி வெற்றி, ராணியைப் பறிகொடுத்த தோல்வியாகிவிட்டது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. "காவலுள்ள காயை வெட்டினால் திருப்பி வெட்டு விழும்" என்பது சதுரங்கத்தின் ஆணிவேர். முறையை நீக்கியபோது அது அறுந்துபோனது. ஓய்வு நேரம் அதை மறுபடி ஒட்டவைத்துவிட்டது. வெட்டியவன் அசையாமல் நிற்கும் அந்த இடைவெளியில்தான் காவல்காரன் பாய்கிறான்.

ஓய்வு எவ்வளவு என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அரை விநாடி என்று வைத்தால் மறுபடியும் கைவேகப் போட்டி. இரண்டு நிமிடம் என்று வைத்தால், பலகை முழுக்கக் காய்கள் தூங்கிக்கொண்டிருக்கும், ஆடுகிறவர்களும் தூங்கலாம். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஆடிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஆடிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல.

அடுத்த கேள்வி பயணம். சாதாரணச் சதுரங்கத்தில் யானை பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவது ஒரே நிகழ்வு. நடுவில் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நேரம் ஓடும் பலகையில் கேட்டாக வேண்டும். காய் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்து அங்கே தோன்றுமா, அல்லது கட்டம் கட்டமாக நகர்ந்து போகுமா? நகர்ந்து போவதாக வைத்தால் ஆட்டம் உயிர்பெறுகிறது. தொலைவிலிருந்து வரும் யானையைப் பார்த்துக் குதிரை விலகிக்கொள்ளலாம். யானையின் பாதையில் ஒரு சிப்பாயைக் குறுக்கே தள்ளலாம்.

கூடவே வம்பும் வருகிறது. எதிரெதிராக வரும் இரண்டு யானைகள் நடுவழியில் மோதினால் யார் சாவது? முதலில் புறப்பட்டவர் வெல்வார் என்று வைக்கலாம். இருவரும் சாவார்கள் என்றும் வைக்கலாம். முந்திப் புறப்பட்டவருக்குச் சாதகம் என்றால் துணிந்தவருக்குப் பரிசு. இருவரும் சாவு என்றால், சிப்பாயைக் கொண்டுபோய் ராணிமேல் மோதவிடும் தற்கொலைப் படை உருவாகிவிடும். சிப்பாய்க்கே இன்னொரு சிக்கல். அது நேராக நடக்கும், மூலைவாட்டில்தான் வெட்டும். நேராக நடந்துகொண்டிருக்கும்போது எதிரே ஒரு காய் வந்து நின்றால், வெட்டவும் முடியாது, மேலே போகவும் முடியாது. பாதி வழியில் நின்றுவிட வேண்டியதுதான். குதிரை தாண்டிக் குதிக்கும் காய். அது காற்றில் இருக்கும்போது அதை யாராவது அடிக்க முடியுமா? முடியாது என்றால், ஆபத்து வரும்போதெல்லாம் குதித்துத் தப்பிக்கும் வித்தைக்காரனாகிவிடும். ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்ளும் காஸ்லிங், சிப்பாயை வழியிலேயே வெட்டும் ஆன்-பாசான் போன்ற பழைய சலுகைகளை வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்பது வேறு கேள்வி. ஆன்-பாசானை விட்டுவிட்டால் யாரும் அழப்போவதில்லை.

பழைய தந்திரங்கள் பலவற்றுக்கு இங்கே மதிப்பு இல்லை. குதிரை ஒரே சமயத்தில் ராஜாவையும் யானையையும் குறிவைக்கும் "ஃபோர்க்" செஸ் கற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிடித்த சூழ்ச்சி. முறைவைத்த ஆட்டத்தில் எதிராளி ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். இங்கே? குதிரை வந்து உட்கார்ந்து 10 விநாடி இளைப்பாறுகிறது. அதற்குள் ராஜாவும் நகரலாம், யானையும் நகரலாம். ராணி அருகில் இருந்தால் குதிரையையே வெட்டிவிடலாம். வலை விரித்தவன்தான் வலையில் விழுகிறான். "செக்" என்று சொல்வதற்கும் பொருள் இல்லை. யாரும் யாரையும் எச்சரிக்க நேரம் இல்லை என்பதால், ராஜாவை நேரடியாக வெட்டுவதுதான் வெற்றி. நகர்த்த வழியில்லாமல் ஆட்டம் சமனில் முடியும் ஸ்டேல்மேட் இல்லை. எந்தக் காயை நகர்த்தினாலும் நஷ்டம், ஆனாலும் நகர்த்தியே தீரவேண்டும் என்ற "ட்சூக்ட்ஸ்வாங்" நிலைமையும் இல்லை. நகர்த்தும்படி யாரும் வற்புறுத்துவதே இல்லையே.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குள்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நகர்ந்த காய்தான் பலவீனமான காய். நகராத காய் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், திருப்பி வெட்டலாம். அப்படியென்றால் புத்திசாலி என்ன செய்வான்? சும்மா இருப்பான். இரண்டு புத்திசாலிகள் ஆடினால் இருவரும் கைகட்டிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேகத்துக்காகப் பிறந்த விளையாட்டு, உலகத்தின் மிக மெதுவான விளையாட்டாக முடியக்கூடும்.

இதே நோய்க்கு வேறு விளையாட்டுகள் கண்ட மருந்துகளைப் பார்க்கலாம். ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட "கிளாஷ் ராயல்" சதுரங்கம் அல்ல, ஆனால் பலகை ஆட்டத்தின் உறவினர்தான். அதில் படையை இறக்க "எலிக்ஸர்" என்ற சக்தி வேண்டும். 2.8 விநாடிக்கு ஒன்று என்று அது ஊறிக்கொண்டே இருக்கும். ஆனால் பத்துக்கு மேல் சேராது. நிறைந்த பிறகும் சும்மா இருந்தால், ஊறுவது வீணாகிறது. சேர்த்துவைக்க முடியாத சம்பளம் மாதிரி, செலவழித்தே ஆக வேண்டும். மூன்று நிமிடக் கெடுவும் தலைக்குமேல் ஓடுகிறது.

1983-இல் வந்த "ஆர்க்கான்" இன்னும் சுவாரசியமான மருந்தை வைத்திருந்தது. ஜான் ஃப்ரீமேன், அவர் மனைவி ஆன் வெஸ்ட்ஃபால், பால் ரைக் ஆகிய மூவர் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட விளையாட்டு அது. ஒன்பதுக்கு ஒன்பது பலகை. ஒரு பக்கம் ஒளிப்படை, மறுபக்கம் இருள்படை. பலகையில் பல கட்டங்கள் நேரம் போகப் போக வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். தன் நிறத்துக் கட்டத்தில் நிற்கும் காய்க்கு உயிர்ச்சக்தி அதிகம். எனவே சும்மா இருப்பவனின் காலடி நிலமே மாறிவிடும். ஐந்து குறிப்பிட்ட கட்டங்களைப் பிடித்தாலே வெற்றி என்பதால், யாராவது வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

ஆர்க்கான் முறையைக் கைவிடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பலகையில் மாறி மாறித்தான் நகர்த்த வேண்டும். ஆனால் ஒரு காய் எதிரியின் கட்டத்தில் போய் நின்றதும் பலகை மறைந்து ஒரு போர்க்களம் திறக்கும். அங்கே இரண்டு காய்களும் ஜாய்ஸ்டிக் பிடித்த கைகளின் வேகத்தில் நேருக்கு நேர் மோதும். வெட்டப் போனவன் வெட்டுப்பட்டு விழலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. கபடியும் இப்படித்தான். பாடிப்போவது இந்த அணி ஒரு முறை, அந்த அணி ஒரு முறை. ஆனால் கோட்டைத் தாண்டிய பிறகு அந்த 30 விநாடிக்குள் யாருக்கும் முறை கிடையாது. 2022-இல் வந்த "எஃப்பிஎஸ் செஸ்" அதே யோசனையைத் துப்பாக்கிச் சண்டையாக மாற்றியது. சிப்பாய் கையில் நல்ல குறி இருந்தால் ராணியையும் சுட்டு வீழ்த்தலாம்.

இது நேர்மையான வழிதான் என்றாலும், சதுரங்கம் இங்கே முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. துப்பாக்கி சுடத் தெரிந்தவர் பலகையில் எப்படி ஆடினாலும் வெல்லலாம். குங்ஃபூ செஸ் வழியில் அப்படி இல்லை. வெட்டு என்றால் வெட்டுதான், அதிர்ஷ்டமோ தனித் திறமையோ குறுக்கே வராது. கடினமான பாதை என்றாலும் சதுரங்கத்துக்கு அதிக விசுவாசமானது அதுவே.

சரி, அந்த வழியில் ஆடுகிறவர்கள் உண்மையில் ஏன் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை? காரணம் மனிதக் கண். ஒரு நேரத்தில் அது ஓர் இடத்தைத்தான் உற்றுப் பார்க்கும். சாயங்கால டிபன் கடையில் பெரிய கல்லில் பத்து தோசை ஊற்றியிருக்கும் மாஸ்டரைக் கவனித்தால் புரியும். ஒன்றைத் திருப்பும் நேரத்தில் இன்னொன்று தீய்ந்துகொண்டிருக்கும். பதினாறு காய்களை வைத்திருப்பவரின் நிலைமையும் அதுதான். இடது மூலையில் யானை வருகிறதே என்று சிப்பாயை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, வலது பக்கம் பிஷப் கிளம்பிவிட்டது. தனியாக வரும் எந்தத் தாக்குதலையும் தடுத்துவிடலாம். நான்கு பக்கம் ஒரே சமயத்தில் வந்தால் நான்கையும் பார்க்க முடியாது. நன்றாக ஆடுகிறவர் காயைக் குறிவைப்பதில்லை. எதிராளியின் பார்வை இப்போது எங்கே இருக்கிறது என்று ஊகித்து, அது இல்லாத இடத்தில் அடிக்கிறார். முறைவைத்த சதுரங்கத்தில் இப்படி ஓர் ஆயுதமே கிடையாது. அங்கே எதிராளிக்குப் பலகை முழுவதையும் நிதானமாகப் பார்க்க உரிமை உண்டு.

1998-இல் வந்த "ஸ்டார்கிராஃப்ட்" என்ற போர் விளையாட்டை ஆடியவர்களுக்கு இது பழகிய விஷயம். தென் கொரியாவில் அதைத் தொழிலாகவே ஆடியவர்கள் நிமிடத்துக்கு முந்நூறு முறை விசையையும் மவுஸையும் அழுத்துவார்கள். விரல் வேகத்தைவிட, எந்த நொடியில் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்ற தீர்மானம்தான் அவர்களின் உண்மையான திறமை.

இவ்வளவும் ஒரே அறையில் இருவர் ஆடினால். இணையத்தில் ஆடும்போது இயற்பியலும் ஓர் ஆட்டக்காரராக வந்து உட்காருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். அதாவது செய்தி ஒரு வழி போய்ச் சேரவே குறைந்தது 65 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் அதிகம். "லேக் அடிக்குது" என்று பிள்ளைகள் கத்துவது இதைத்தான். சாதாரண இணையச் செஸ்ஸில் இது பெரிய குறை இல்லை. இங்கே, "நான்தான் முதலில் நகர்த்தினேன்" என்று இருவரும் சொன்னால் யாரை நம்புவது? ஆடுகிறவரின் கணினி சொல்லும் நேரத்தை நம்பினால் ஏமாற்றுவது எளிது. அதனால் நடுவில் உள்ள சர்வர் சொல்வதே தீர்ப்பு என்று வைப்பார்கள். அப்போது சர்வருக்குப் பக்கத்தில் வசிப்பவருக்கு யோகம்.

காய்கள் கட்டம் கட்டமாக நகரும் ஏற்பாடு இங்கே எதிர்பாராத உதவியாகிறது. ஒரு கட்டம் கடக்க ஒரு விநாடி என்றால், 200 மில்லிவிநாடித் தாமதம் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு உறுத்தாது. அழகுக்காக வைத்த மெதுவான நடை, கடலடிக் கேபிளின் தாமதத்தையும் மறைத்துவிடுகிறது.

முறையில்லா இணையச் சதுரங்கத்தின் உச்சத்தை 2025-இல் பார்க்க முடிந்தது. அமெரிக்க நிரலாளர் நோலன் ராயல்டி "ஒன் மில்லியன் செஸ்போர்ட்ஸ்" என்று ஒன்றை இணையத்தில் திறந்தார். பத்து லட்சம் சதுரங்கப் பலகைகள் ஒட்டி ஒட்டி அடுக்கப்பட்ட ஒரே பெருவெளி. 3.2 கோடிக் காய்கள். யார் வேண்டுமானாலும் வந்து நகர்த்தலாம், முறை கிடையாது, ஒரு பலகையின் காய் பக்கத்துப் பலகைக்கும் போகலாம். உங்கள் நகர்த்தலை உங்கள் திரை உடனே காட்டிவிடும். அதற்குள் வேறொருவர் அந்தக் காயை வெட்டிவிட்டதாகச் சர்வர் சொன்னால், சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திருப்பிவைக்கும்.

கணினியையே எதிராளியாக வைப்பதில் கடைசிச் சிக்கல். 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்திய டீப் புளூ கணினி முதல் இன்றைய செஸ் எஞ்சின்கள் வரை எல்லாமே "நான் இதைச் செய்தால் அவர் அதைச் செய்வார்" என்று மாறி மாறிக் கிளைபிரியும் மரத்தைத்தான் தேடுகின்றன. முறை இல்லாத பலகையில் அந்த மரமே முளைப்பதில்லை. ஒவ்வொரு கணத்திலும் ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு நகர்த்தல், ஒரே நேரத்தில் ஏழு காய்களைக் கிளப்புவதும் ஒரு நகர்த்தல். செஸ் எஞ்சினைப் பக்கத்தில் ஓடவிட்டுத் திருட்டுத்தனமாக ஆட நினைப்பவருக்கும் அதனால் அதிக ஆதாயம் இல்லை.

ஆனால் இந்த ஆட்டத்துக்கென்றே எழுதிய ஒரு சுமாரான நிரல் மனிதரை எளிதில் அடித்துவிடும். யோசனையால் அல்ல. அதற்குப் பதினாறு காய்களும் எப்போதும் தெரியும், கை நடுங்காது, கிளிக் தவறாது. 2019 ஜனவரியில் டீப்மைண்ட் நிறுவனம் தன் "ஆல்ஃபாஸ்டார்" நிரல், "ஸ்டார்கிராஃப்ட் 2" தொழில்முறை வீரர்களை வென்ற ஆட்டங்களைக் காட்டியபோது எழுந்த புகாரும் இதுதான். அது மனிதரைவிட நன்றாக யோசித்ததா, அல்லது மனித விரலால் முடியாத வேகத்தில் அழுத்தியதா? அடுத்த பதிப்பில், திரையில் கேமரா காட்டும் பகுதியை மட்டும் பார்க்கவும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அழுத்தாமல் இருக்கவும் அதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

முறையில்லாச் சதுரங்கத்துக்குக் கணினி எதிராளியை எழுதுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. நிரல் முதலில் எளிதாகவே வென்றுவிடும். அதன் பிறகு நகர்த்தலுக்கு முன் கால் விநாடி தயங்கவும், இடது மூலையைக் கவனிக்கும்போது வலது மூலையை மறந்துவிடவும், எப்போதாவது பக்கத்துக் கட்டத்தில் தவறி அழுத்தவும் அதற்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.